மன்னர் கையால் பதக்கம்: நோபல் விழாவும் இளம் விஞ்ஞானிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் 10 வந்தால் இந்திய நேரம் இரவு எட்டரைக்கு ஸ்டாக்ஹோம் நேரலையைத் திறந்துவிடுவேன். பல வருஷப் பழக்கம். கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் மாறுகிறார்கள், கேட்கிற கேள்விகள் மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அமைதிப் பரிசையும் இலக்கியப் பரிசையும் அதிகம் தொடவில்லை. கவனமெல்லாம் அறிவியல் பரிசுகள் மீதுதான், அதிலும் சின்ன வயதில் அந்த மேடை ஏறியவர்கள் மீது.

எந்த விழா, எங்கே நடக்கிறது?

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள இசை அரங்கில் நடக்கிறது. 1926 முதல் அந்த அரங்கம்தான். இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், பொருளாதாரம் ஆகிய ஐந்தையும் அங்கே சுவீடன் மன்னர் வழங்குகிறார். அமைதிப் பரிசு மட்டும் அதே நாளில் நார்வேயின் ஆஸ்லோ நகர மண்டபத்தில் வழங்கப்படுகிறது. அங்கே நார்வே மன்னர் பார்வையாளராக உட்கார்ந்திருப்பார், பதக்கத்தைக் கொடுப்பது நோபல் குழுவின் தலைவர். ஆக, ‘மன்னர் கையால்’ என்பது ஸ்டாக்ஹோமுக்குத்தான் பொருந்தும்.

ஏன் டிசம்பர் 10?

ஆல்ஃபிரட் நோபல் இறந்த நாள் அது. 1896இல் இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தார். விழா மேடையை அலங்கரிக்கும் பூக்கள் பல காலம் அந்த ஊரிலிருந்துதான் வந்தன.

பரிசுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது மன்னரா?

இல்லை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் கழகம் தேர்வு செய்கிறது. மருத்துவத்துக்கு கரோலின்ஸ்கா நிறுவனத்தின் நோபல் மன்றம். மன்னருக்கு இதில் ஓட்டும் இல்லை, தடுக்கும் அதிகாரமும் இல்லை.

சொல்லப்போனால், தொடக்கத்தில் அரண்மனைக்கு இந்தப் பரிசு அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை. ‘ஸ்காண்டிநேவியராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் தகுதியானவருக்கே’ என்று நோபல் உயில் எழுதிவைத்துவிட்டுப் போனார். சுவீடன்காரர் பணம் வெளிநாட்டுக்காரனுக்கா என்று அன்றைய மன்னர் இரண்டாம் ஆஸ்கருக்கு மனத்தாங்கல். 1901இல் முதல் விழாவுக்கு அவர் வரவில்லை, பட்டத்து இளவரசர்தான் பரிசுகளைக் கொடுத்தார். அடுத்த ஆண்டிலிருந்து மன்னரே வந்துவிட்டார்.

அப்படியென்றால் மன்னர் எதற்கு?

என்னைக் கேட்டால், அந்த மேடையில் மன்னருக்கு இருக்கும் பெரிய வேலையே எழுந்து நிற்பதுதான். அரச குடும்பம் வந்து சேர்ந்து அரச கீதம் இசைத்த பிறகே பரிசாளர்கள் உள்ளே வருகிறார்கள். அவர்கள் வரும்போது அரங்கமே எழுந்து நிற்கிறது. ஒவ்வொரு பரிசாளருக்கும் மன்னர் தன் நாற்காலியை விட்டு எழுந்து மேடை நடுவுக்கு வருகிறார், கைகுலுக்குகிறார், திரும்பிப் போய் உட்காருகிறார், அடுத்தவருக்காக மறுபடி எழுகிறார். 1973இல் பட்டத்துக்கு வந்த பதினாறாம் கார்ல் குஸ்தாவ் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறார். ஆராய்ச்சிக்கூடத்தில் காப்பிக் கறையோடு உட்கார்ந்து எழுதிய ஒரு தாளுக்காக ஒரு நாட்டின் தலைவர் இத்தனை தடவை எழுந்து உட்காருவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

நாமே விண்ணப்பிக்கலாமா?

முடியாது. உங்கள் பெயரை நீங்களே அனுப்பினால் அது கணக்கில் சேராது. முன்பு பரிசு பெற்றவர்கள், கழக உறுப்பினர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் போன்றோர்தான் பரிந்துரைக்கலாம். கடைசி நாள் ஜனவரி 31. யார் யாரைப் பரிந்துரைத்தார் என்பது 50 ஆண்டுகளுக்கு ரகசியம். ஆகவே ‘நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிச் செய்தி வந்தால், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

செய்தி எப்படி வரும்?

தொலைபேசியில். அக்டோபர் முதல் பாதியில் அறிவிப்பு. இயற்பியலும் வேதியியலும் ஸ்டாக்ஹோம் நேரம் முற்பகல் 11.45 மணி சுமாருக்கு அறிவிக்கப்படும். அதற்குச் சற்று முன்னால் கழகத்திலிருந்து அழைப்பு வரும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது நடுராத்திரி அல்லது விடியற்காலை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து போனை வைத்துவிட்டவர்களும் உண்டு.

மேடையில் சரியாக என்னதான் நடக்கிறது?

ஸ்டாக்ஹோமில் மாலை நான்கு மணிக்கு விழா தொடங்குகிறது. மாலை என்பது பேச்சுக்குத்தான். டிசம்பரில் அங்கே மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வெளியே கும்மிருட்டு. உள்ளே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், ஆண்கள் பெரும்பாலும் வால் வைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளை வில் டை. மேடைக்குப் பின்னால் உயரத்தில் இசைக்குழு.

வரிசை உயிலில் நோபல் எழுதிய வரிசையேதான்: முதலில் இயற்பியல், அப்புறம் வேதியியல், மருத்துவம், இலக்கியம். பொருளாதாரம் கடைசி, அது 1968இல் சுவீடன் மத்திய வங்கி ஏற்படுத்தியது. ஒவ்வொரு பரிசுக்கும் தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் எழுந்து அந்தக் கண்டுபிடிப்பைச் சில நிமிஷங்களில் ஸ்வீடிஷ் மொழியில் விளக்குவார். பரிசாளருக்கு ஒரு சொல்லும் புரியாது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேரலையில் நான் விடாமல் பார்ப்பது அந்த முகங்களைத்தான். முடிவில் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறும்: முன்னே வந்து மன்னரிடமிருந்து பரிசைப் பெற்றுக்கொள்ளும்படி அழைப்பார்.

எழுந்து நடக்க வேண்டும். நீலக் கம்பளத்தில் ஒரு வட்டம், அதற்குள் நோபலின் முதலெழுத்து. அங்கேதான் போய் நிற்க வேண்டும். மன்னரும் வருவார். அவர் வலது கையால் குலுக்குவார், பதக்கப் பெட்டியும் பட்டயமும் பரிசாளரின் இடது கைக்கு வந்து சேரும். எக்காளம் முழங்கும். பிறகு மூன்று தடவை தலைவணங்க வேண்டும்: முதலில் மன்னருக்கு, அடுத்துப் பின்னால் திரும்பி நோபலின் மார்புருவச் சிலைக்கும் கழகத்தாருக்கும், மூன்றாவதாகப் பார்வையாளர்களுக்கு. கைதட்டல். திரும்பி வந்து உட்கார்ந்தால் முடிந்தது.

ஒருவருக்கு மொத்தம் ஒரு நிமிஷம் ஆகலாம். பரிசாளர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வாழ்நாள் உழைப்புக்குப் பேச்சே இல்லாத ஒரு நிமிஷம்!

ஒத்திகை உண்டா?

உண்டு, அன்று காலையிலேயே. எங்கே நிற்பது, எந்தக் கையை நீட்டுவது, எந்தப் பக்கம் முதலில் வணங்குவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். அண்டத்தின் வயதைக் கணக்குப் போட்டவர்கள் இடது வலது குழம்பி நிற்கும் நேரம் அது. மேலும் ஒவ்வொரு பரிசாளருக்கும் அந்த வாரம் முழுக்கக் கூடவே இருக்க, சுவீடன் வெளியுறவுத் துறை ஓர் அதிகாரியை ஒதுக்குகிறது.

மன்னருக்கு முதுகு காட்டக் கூடாதாமே?

இது பழைய வழக்கம். 1965இல் இயற்பியல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபெயின்மனிடமும் யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள். முதுகு காட்டாமல் படியேறுவது எப்படி என்று, பின்பக்கமாகத் தாவித் தாவிப் பழகியதை அவரே பிற்பாடு சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தால் அந்த விதியே நடைமுறையில் இல்லை.

கோட்டுதான் போட வேண்டுமா? வேட்டி கட்டலாமா?

கட்டலாம். ஆண்களுக்கு வால் கோட்டு, பெண்களுக்கு மாலை விருந்து கவுன் என்பது பொது விதி, ஆனால் சொந்த நாட்டு உடைக்கு விலக்கு உண்டு. 2019இல் பொருளாதாரப் பரிசு வாங்க அபிஜித் பானர்ஜி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவியும் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான எஸ்தர் டுஃப்லோ புடவை. அவர் பிரெஞ்சுக்காரர் என்பது இன்னும் அழகு. அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது 46, பொருளாதாரப் பரிசு பெற்றவர்களிலேயே இளையவர். 1979இல் பாகிஸ்தானின் அப்துஸ் சலாம் தலைப்பாகையும் ஷெர்வானியும் முனை சுருண்ட செருப்புமாக வந்து மேடையையே வேறு மாதிரி ஆக்கினார்.

வால் கோட்டு சொந்தமாக வைத்திருப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் அளவை முன்கூட்டி அனுப்பி அங்கே வாடகைக்கு எடுக்கிறார்கள்.

ராமன் அழுதார் என்கிறார்களே, உண்மையா?

சர் சி. வி. ராமன் 1930 இயற்பியல் பரிசு பெற்றவர். 1928 பிப்ரவரி 28 அன்று கண்டுபிடிப்பு, 1930 டிசம்பரில் மேடை. இவ்வளவு வேகமாக வருவது அபூர்வம். அறிவிப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே அவர் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார் என்பது அவரைப் பற்றிய பிரபலமான கதை. அவர் குணம் தெரிந்தவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள்.

மனைவி லோகசுந்தரி அம்மாளோடு போனார். கோட்டு போட்டாலும் தலைப்பாகையைக் கழற்றவில்லை. பரிசு வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்து திரும்பிப் பார்க்கையில், தன் தலைக்கு மேலே இருந்தது பிரிட்டிஷ் கொடி என்பது கண்ணில் பட்டது. தன் நாட்டுக்கென்று ஒரு கொடிகூட இல்லையே என்று உடைந்துபோனதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போது அவருக்கு 42 வயது. அந்த விழாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது பதக்கம் இல்லை, அந்தத் திரும்பிப் பார்த்தல்தான்.

கையில் என்னென்ன கிடைக்கும்?

மூன்று: பதக்கம், பட்டயம், பரிசுத் தொகையை உறுதிசெய்யும் ஆவணம்.

பதக்கம் 18 காரட் தங்கம், மறுசுழற்சி செய்தது. எடை சுமார் 175 கிராம், குறுக்களவு 66 மில்லிமீட்டர். உள்ளங்கையை நிறைக்கும் அளவு. 1980க்கு முன்பு 23 காரட்டில் செய்தார்கள். ஒரு பக்கம் நோபலின் முகம். இயற்பியல், வேதியியல் பதக்கங்களின் மறுபக்கத்தில் ஒரு காட்சி: இயற்கை ஒரு தேவதையாக மேகங்களிலிருந்து எழுகிறாள், அவள் முகத்தை மூடியிருக்கும் திரையை அறிவியலின் உருவமான இன்னொரு பெண் மெல்ல விலக்குகிறாள். ஸ்வீடிஷ் சிற்பி எரிக் லிண்ட்பெர்க் செய்தது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். கிழித்து எறிவதில்லை, ஓரத்தைப் பிடித்துத் தூக்குவது.

பட்டயம் அச்சடித்தது இல்லை. ஒவ்வொன்றும் ஓவியர் தனியாக வரைந்து, எழுத்துக் கலைஞர் கையால் எழுதியது.

பணம் எவ்வளவு?

2023 முதல் ஒரு முழுப் பரிசுக்கு 1 கோடியே 10 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர். 1901இல் 1,50,782 குரோனர். ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. சமமாகத்தான் பிரிய வேண்டும் என்றும் இல்லை. 2024 வேதியியலில் பாதி டேவிட் பேக்கருக்கு, மற்றப் பாதியை டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் பகிர்ந்துகொண்டார்கள்.

‘இளம் விஞ்ஞானி’ என்றால் எத்தனை வயது? யார் இளையவர்?

அறிவியல் பரிசுகளில் இன்றுவரை இளையவர் லாரன்ஸ் பிராக். வயது 25, ஆண்டு 1915. எக்ஸ் கதிர்கள் படிகத்தில் பட்டுச் சிதறும் விதத்தை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வழியை 22 வயதில் சொன்னவர். தந்தை வில்லியம் பிராக்கோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார். (எல்லாத் துறையும் சேர்த்தால் இளையவர் 2014இல் 17 வயதில் அமைதிப் பரிசு பெற்ற மலாலா.)

இதில் ஒரு வேடிக்கை, வேதனை என்றும் சொல்லலாம். இளையவரான பிராக்குக்கு விழாவே நடக்கவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையில் அவர் போர்முனையில் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் அவர் தம்பி கல்லிபோலிப் போரில் இறந்திருந்தார். பரிசுச் செய்தி வந்தபோது, அவர் தங்கியிருந்த வீட்டுப் பாதிரியார் ஒரு புட்டி ஒயின் கொண்டுவந்து கொண்டாடினாராம். மன்னர் இல்லை, எக்காளம் இல்லை, நீலக் கம்பளம் இல்லை. ஸ்டாக்ஹோமில் அவர் நோபல் உரை நிகழ்த்தியது 1922இல்.

அவருக்கு அடுத்த வரிசையில் முப்பதைத் தொட்டவர்கள் சிலர். 1933இல் பால் டிராக்குக்கு 31. அதே மேடையில் 1932ஆம் ஆண்டுக்கான பரிசைத் தாமதமாக வாங்கிய ஹைசன்பர்க்குக்கு விழாவுக்கு ஐந்து நாள் முன்புதான் 32 நிறைந்தது. இன்சுலினுக்காக 1923இல் பரிசு பெற்ற பான்டிங்குக்கும் 32. 1973இல் பிரையன் ஜோசப்சனுக்கு 33, பரிசுக்குக் காரணமான கணக்கை அவர் போட்டது 22 வயதில், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக.

இந்தக் காலத்தில்? 2010இல் கான்ஸ்டன்டின் நோவோசெலோவ், வயது 36. பென்சில் கரியான கிராஃபைட்டில் ஒட்டு நாடாவை ஒட்டி உரித்து, மறுபடி ஒட்டி உரித்து, ஓரணுத் தடிமனுள்ள கிராஃபீன் படலத்தை எடுத்தார்கள் அவரும் அவர் வழிகாட்டி ஆந்த்ரே கெய்மும். 2024இல் ஜான் ஜம்பருக்கு 39. புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணிக்கும் வேலைக்காக.

ஏன் பெரும்பாலும் தலை நரைத்த பிறகே கிடைக்கிறது?

உயிலைப் படித்தால் சிரிப்பு வரும். ‘முந்தைய ஆண்டில்’ மனிதகுலத்துக்குப் பெரும் நன்மை செய்தவருக்குக் கொடு என்று நோபல் எழுதினார். தேர்வுக் குழுக்கள் அதை அப்படியே பின்பற்றினால் பாதிப் பரிசுகள் தப்பான ஆளுக்குப் போயிருக்கும். கண்டுபிடிப்பு நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும், மற்றவர்கள் செய்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் அதே தகுதியுள்ளவர்களின் வரிசையில் முறை வர வேண்டும். இருக்க வேண்டும் என்று பீட்டர் ஹிக்ஸ் 1964இல் எழுதிய துகள் 2012இல்தான் சோதனையில் கண்ணில் பட்டது. 2013இல் பரிசு வாங்கும்போது அவருக்கு 84 வயது. லித்தியம் அயன் மின்கலத்துக்காக 2019இல் பரிசு பெற்ற ஜான் குட்எனஃப்க்கு 97.

நமக்கு நெருக்கமான உதாரணம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் வெண்குள்ளனாக (சுருங்கி ஆறிக்கொண்டிருக்கும் சிறு நட்சத்திரமாக) அடங்கி நிற்க முடியாது என்பது அதன் சாரம். 1935இல் லண்டன் வானியலாளர் கூட்டத்தில் அன்றைய பெரிய மனிதர் ஆர்தர் எடிங்டன் அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் மல்லுக்கட்டாமல் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். ஸ்டாக்ஹோம் மேடையில் மன்னர் அவர் கையைக் குலுக்கியது 1983இல், 73 வயதில். மேடைக்குப் போனவர் முதியவர், பரிசுக்குரிய வேலையின் தொடக்கத்தைச் செய்தவன் கப்பலில் உட்கார்ந்திருந்த பையன். இப்படிப் பார்த்தால் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைகளில் பல, உண்மையில் இளம் விஞ்ஞானிகளுக்காகப் பரிசு வாங்கிக்கொள்ள வந்தவர்கள்தாம்.

இறந்தவருக்குக் கொடுப்பதில்லை என்ற விதியும் இருப்பதால், காத்திருப்பது ஆபத்தான விளையாட்டு. 2011இல் மருத்துவப் பரிசுக்குத் தேர்வான ரால்ஃப் ஸ்டைன்மன் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னால் இறந்திருந்தார். குழுவுக்கு அது தெரியாது. தெரியாமல் செய்த முடிவு என்பதால் பரிசு செல்லும் என்றார்கள்.

சின்ன வயதில் வாங்கினால் அப்புறம் ஆராய்ச்சி படுத்துவிடும் என்கிறார்களே?

சிலருக்கு அப்படி ஆகியிருக்கலாம். பிராக்குக்கு ஆகவில்லை. 1938இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத் தலைவரானார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1953இல், அதே ஆய்வகத்தில் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏயின் இரட்டைச் சுருளைக் கண்டுகொண்டார்கள். அதற்கு உதவிய ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ் கதிர்ப் படங்கள், பிராக் 22 வயதில் திறந்துவிட்ட அதே பாதையில் வந்தவை.

குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. 1933 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் ரயில் நிலையத்தில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. ஹைசன்பர்க், டிராக், ஸ்ரோடிங்கர் மூவரும் கோட்டும் தொப்பியுமாக வரிசையில் நிற்கிறார்கள். ஸ்ரோடிங்கரோடு அவர் மனைவி. மற்ற இருவரோடும் அவரவர் அம்மா. குவாண்டம் இயங்கியலைக் கட்டியெழுப்பிய இரண்டு பையன்கள், பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு வந்தது போல அம்மாவோடு. இளம் விஞ்ஞானி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் நான் பார்த்ததில்லை.

பரிசு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

டிராக் அப்படித்தான் நினைத்தார். கூச்ச சுபாவம், பத்திரிகை வெளிச்சம் பிடிக்காது. மறுத்தால் இன்னும் அதிகமாகப் பேசுவார்கள் என்று மூத்த இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு எடுத்துச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார்.

மறுக்க வைக்கப்பட்டவர்களும் உண்டு. மருத்துவப் பரிசுக்குத் தேர்வான ஜெர்மானியர் கெர்ஹார்ட் டோமாக்கை ஹிட்லர் அரசு 1939இல் வாங்க விடவில்லை. போர் முடிந்து 1947இல் பதக்கமும் பட்டயமும் கிடைத்தன. பணம் கெடு தாண்டிவிட்டது, கிடைக்கவில்லை.

விழாவுக்குப் போக முடியாவிட்டால்?

பரிசு போகாது. மேரி கியூரி 1903இல் போகவில்லை. அவரும் கணவர் பியரும் 1905இல்தான் ஸ்டாக்ஹோம் போனார்கள். 1911இல் இரண்டாவது பரிசுக்கு அவரே நேரில் போய் வாங்கினார். கொரோனா காலத்தில், 2020லும் 2021லும், பதக்கங்கள் அவரவர் ஊருக்கே போய்ச் சேர்ந்தன. அந்த இரண்டு ஆண்டுப் பரிசாளர்களையும் 2022இல் அழைத்தார்கள். ஆனால் ஒரு கடமையிலிருந்து தப்ப முடியாது: விழா நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோபல் உரை நிகழ்த்தியாக வேண்டும்.

விருந்து எப்படி?

நகர மண்டபத்தின் நீல மண்டபத்தில், சுமார் 1,300 பேருக்கு. அந்த மண்டபம் நீலம் இல்லை, செங்கல் சிவப்பு. நீலப் பூச்சு அடிப்பதாகத் திட்டம் போட்ட கட்டடக் கலைஞர் ராக்னார் ஓஸ்ட்பெர்க், செங்கல்லின் அழகைப் பார்த்து மனம் மாறிவிட்டார். பெயர் மட்டும் மாறவில்லை. பரிசாளர்களும் அரச குடும்பமும் பெரிய படிக்கட்டில் ஜோடி ஜோடியாக இறங்கி வருவார்கள். மெனு அன்று மாலைவரை ரகசியம். மேடையில் பேசாமல் இருந்தவர்களுக்கு இங்கேதான் ஓரிரு நிமிஷம் பேச வாய்ப்பு, ஒரு பரிசுக்கு ஒருவர் என்ற கணக்கில். சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் உள்ள தங்க மண்டபத்தில் நடனம்.

ஸ்டாக்ஹோமில் இன்னும் மூன்று நாள் தங்கினால் டிசம்பர் 13 லூசியா திருநாள். தலையில் மெழுகுவத்திக் கிரீடம் வைத்த பெண்கள் விடியற்காலையில் பாட்டுப் பாடி விடுதி அறையில் வந்து எழுப்புவார்கள். முன்கூட்டித் தெரியாதவர்கள் ஒரு கணம் ஆடிப்போயிருக்கிறார்கள்.

வேறு நாட்டு மன்னர்களும் ஆராய்ச்சிப் பரிசு கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள். நார்வேயில் கணிதத்துக்கான ஏபெல் பரிசு, 2007இல் சென்னையில் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன் வாங்கினார். பெல்ஜியத்தில் ஃபிராங்கி பரிசு, அது ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. ஸ்பெயினில் ஆஸ்டூரியாஸ் இளவரசி விருது.

இளமை, மன்னர் இரண்டும் அபூர்வமாகச் சேர்ந்த ஒரு நாள் 2006 ஆகஸ்ட் 22. மாட்ரிட்டில் உலகக் கணிதவியலாளர் மாநாடு. நாற்பது வயதுக்கு உட்பட்டோருக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ் வழங்கினார். அதைப் பெற்றவர்களில் ஒருவரான டெரன்ஸ் டாவுக்கு அப்போது 31 வயது. நான்கு பேருக்கு அறிவித்தார்கள், வந்தது மூன்று பேர். நூறாண்டுப் புதிரான புவான்காரே கருதுகோளை நிரூபித்த கிரிகோரி பெரல்மான் பதக்கம் வேண்டாம் என்று ரஷ்யாவிலேயே இருந்துவிட்டார். மன்னர் காத்திருந்தாலும் வராத இளைஞனும் உண்டு.

மாணவர்கள் அந்த விழாவை நேரில் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, குறுகலான வழி. ஒவ்வோர் ஆண்டும் பல நாடுகளிலிருந்து 18 வயது நிறைந்த இளைஞர்கள் சுமார் 25 பேரைத் தேர்ந்தெடுத்து, ஸ்டாக்ஹோம் பன்னாட்டு இளைஞர் அறிவியல் கருத்தரங்குக்கு அழைக்கிறார்கள். அவர்கள் விழாவிலும் கலந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் அந்தந்த நாட்டு அறிவியல் போட்டிகளில் வென்றவர்கள். இன்னும் இளையவர்களுக்கு ஸ்டாக்ஹோம் ஜூனியர் தண்ணீர் பரிசு இருக்கிறது. 15 முதல் 20 வயதுவரை உள்ளவர்கள் தண்ணீர் தொடர்பான ஆராய்ச்சியோடு தத்தம் நாட்டுப் போட்டியில் வென்று அங்கே போகிறார்கள். பட்டத்து இளவரசி விக்டோரியா அதன் புரவலர். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அரச மேடை வேண்டுமென்றால் நடக்கக்கூடிய வழி இதுதான்.

பதக்கத்தை வீட்டுக்கு எப்படி எடுத்துப் போவது?

கைப்பையில்தான். அண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டறிந்ததற்காக 2011இல் பரிசு பெற்ற பிரையன் ஷ்மிட், அதைப் பாட்டிக்குக் காட்ட அமெரிக்காவின் ஃபார்கோ ஊருக்கு எடுத்துப் போனார். விமான நிலையச் சோதனையில் எக்ஸ் கதிர்த் திரையில் பெட்டிக்குள் கன்னங்கரேலென்று ஒரு வட்டம் தெரிந்தது. தங்கம் எக்ஸ் கதிரை விடாது அல்லவா. அவர் பிற்பாடு சொன்னபடி பேச்சு ஏறக்குறைய இப்படிப் போயிற்று. உள்ளே என்ன? தங்கப் பதக்கம். யார் கொடுத்தது? சுவீடன் மன்னர். எதற்குக் கொடுத்தார்? அண்டம் விரியும் வேகம் கூடுகிறது என்று கண்டுபிடித்ததற்கு.

சோதனை செய்தவர்கள் சிரிக்கவில்லையாம்.